அந்நிய பாஷையும் அயல்நாட்டு வாசமும்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கங்களில் பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டுமென்ற ஆசை இப்போது சாதாரணக் குடும்பங்களிலும் ஏற்பட்டிருக்கிறது. இங்கிலீஷ் பேசும் நாடுகளுக்கு மாத்திரமல்லாமல் பிரான்சு தேசத்துக்கும் போய், அங்கேயே தங்கிப் பிரெஞ்சு பாஷையைக் கற்று மேல்படிப்புப் படிக்கலாம் என்று வாலிபர்கள் எண்ணத் தலைப்பட்டிருக்கிறார்கள். இதற்காக நாம் சந்தோஷப்படுகிறோமே ஒழிய குறை சொல்ல முன்வரவில்லை. கடல் தாண்டினவன் பதிதன் என்று பௌதாயன தர்ம சூத்திரம் எழுதி வைத்திருக்கிற தேசம் இது. 1888-ல் லண்டனுக்குப் படிக்கப் புறப்பட்ட காந்தியாரையே அவரது ஜாதியார் தள்ளிவைத்தார்கள். அந்தக் கட்டு அறுந்து போனது நல்லதுதான்.

ஆனால் நஞ்சையை ஒத்தி வைத்துப் பிள்ளையை அனுப்பும் தகப்பனார், அவன் பாஷையோடு திரும்புவானா என்று யோசிக்க வேண்டாமா? பாஷை என்பது விமானத்தை விட்டு இறங்கினதும் தானே வந்து ஒட்டிக்கொள்ளும் சரக்கா என்று கேட்கின்றோம்.

இங்கே பிளஸ் டூ வகுப்பில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சை எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் அநேகர். எதற்காக? மார்க்குக்காக. வினைச்சொல் அட்டவணைகளை உருப்போட்டுத் தொண்ணூறுக்கு மேல் வாங்கிவிடுகிறார்கள். ஒரு பிரெஞ்சுக்காரர் எதிரே வந்து வழி கேட்டால் விழிக்கிறார்கள். அர்த்தம் தெரியாமல் மந்திரம் ஒப்பிக்கும் புரோகிதருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஜனங்கள் மத்தியில் குடியிருந்து பாஷை கற்பது எப்படி என்பதற்குப் பாரிசுக்குப் போய் அத்தாட்சி தேட வேண்டியதில்லை. நமது தாமிரபரணி கடலில் விழுகிற இடத்திலுள்ள புன்னைக்காயலே போதும்.

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் என்னும் பாதிரியார், இரண்டு பாஷையும் தெரிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களைத் தமிழில் எழுதச் செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணி ஒப்பித்தார். கேட்டவர்கள் திருப்பி என்ன சொன்னார்கள் என்பதற்குத் துபாஷி வேண்டியிருந்தது. அவருக்குப் பின் வந்தவர் என்ரீக்கே என்ரீக்கஸ் என்ற போர்த்துகீசியர். இவருடைய கதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இவரது முன்னோர் யூதர்கள் என்பதற்காக, இவர் முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபையில் இவருக்கு இடமில்லாமற் போயிற்று. பிறப்பைப் பார்த்துத் தள்ளுகிற புத்தி நமது நாட்டுக்கு மாத்திரம் சொந்தமில்லை போலும்! பிறகு ஏசு சபையில் சேர்ந்து 1546-ல் இந்தியாவுக்கு வந்தார்.

அவர் வந்த காரியம் மதம் பரப்புவது. அதில் நமக்கு அக்கறை கிடையாது. பாஷையை அவர் பிடித்த விதந்தான் நமக்கு வேண்டியது. துபாஷிகளை நம்பி உட்கார்ந்திராமல், லத்தீன் இலக்கணத்தைப் போலத் தமிழ்ச் சொற்கள் காலத்துக்கும் வேற்றுமைக்கும் தக்கபடி எப்படி மாறுகின்றன என்று தாமே குறித்துக்கொண்டு, இரவு பகலாகப் படித்து, சில மாதங்களில் துபாஷியில்லாமல் பேசத் தொடங்கினார். அதோடு நில்லாமல், உடனிருந்த பாதிரிமார்கள் தங்களுக்குள்ளுங்கூடத் தமிழே பேசுவது என்றும், தவறிப் போர்த்துகீசியம் பேசினவர் அதற்குத் தண்டனை ஏற்பது என்றும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இன்றைக்குப் பணம் வாங்கிக்கொண்டு பாஷை கற்பிக்கும் ஐரோப்பியப் பள்ளிக்கூடங்கள் புதுமையென்று விளம்பரம் செய்கிற முறை, நானூற்றெழுபது வருஷங்களுக்கு முன்பே நமது ஆற்றுமுகத்தில் நடந்திருக்கிறது. அவர் காது பழகியது பரதவர் பேச்சில். மீன் விற்கிறவர்களும் முத்துக் குளிக்கிறவர்களும் பேசிய தமிழில். அதன் பலன், 1578-ல் கொல்லத்தில் அவரது ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறிற்று. 1600-ல் சாகும் வரையில் ஏறக்குறைய ஐம்பது வருஷம் இந்தக் கரையிலேயே இருந்தார்.

நிற்க, அதே ஆற்றில் மேலே போனால் சேரன்மாதேவி. அங்கே குருகுலம் நடத்திய வ.வெ.சு. ஐயர் லண்டனில் சட்டம் படித்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ்ப் பத்து வருஷம் போல வாழ்ந்தவர். பல பாஷை தெரிந்தவர். அப்படிப்பட்டவரின் குருகுலத்திலேயே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு நடந்து, 1925-ல் தமிழ்நாடே கொந்தளித்தது. பாஷையைப் பற்றிப் பேசும்போது சாப்பாட்டை ஏன் இழுக்கிறீர்கள் என்று சிலர் கேட்கக்கூடும். பாஷை புழங்குகிற இடமே சாப்பாட்டுப் பந்திதான், ஐயா! ‘உப்புப் போதவில்லை’, ‘இன்னும் கொஞ்சம் வை’, ‘நேற்று ஏன் வரவில்லை’ என்ற பேச்செல்லாம் அங்கேதான் நடக்கிறது. பக்கத்து இலைக்காரனோடு உட்காரக் கூடாதென்று பழக்கப்பட்ட பையன் பாரிசுக்குப் போனால் என்ன செய்வான்? புளிக்காய்ச்சல் டப்பாவோடு தன் ஜாதிக்காரன் அறையைத்தான் தேடுவான். நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, தமிழில் பேசி, தமிழ்ப் படம் பார்த்து, வகுப்பில் மட்டும் பிரெஞ்சு கேட்டுவிட்டுத் திரும்புவான். அதற்குப் பாளையங்கோட்டையே போதாதா?

1983 கலவரத்துக்குப் பின் பாரிசுக்கு ஓடிப்போன இலங்கைத் தமிழர்களில் எத்தனையோ பேர் ஓட்டல் சமையற்கட்டில் பாத்திரம் கழுவிப் பிழைத்தார்கள். லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. அங்கேயே காலத்தைக் கழித்தவருக்குப் பிரெஞ்சு வராமலே போகலாம். சமையற்கட்டில் நின்றவருக்கோ அது வசவாகவும் உத்தரவாகவும் வந்து, நாளடைவில் பேச்சாகவும் ஆகியிருக்கிறது. அவருக்கு வாத்தியார் வைத்துக் கொடுத்தது யார்?

ஆகவே, பணம் கட்டுமுன் ஏஜெண்டைக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பிள்ளை தங்குவது பிரெஞ்சுக் குடும்பத்திலா, நம்மவர் கூட்டத்திலா? வகுப்பில் எத்தனை தேசத்தார்? பிரெஞ்சு மூலம் பட்டம் படிக்கப் பெரும்பாலும் பி-2 என்ற தரம் கேட்கிறார்களே, அதற்கு எத்தனை மாதம் வைத்திருக்கிறார்கள்? அடிப்படை இலக்கணத்தை இங்கேயே முடித்துவிட்டுப் போனால் அங்கே ஆகும் செலவு குறையுமல்லவா? புதுச்சேரியில் 1826 முதல் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் நடந்து வருகிறது. அந்த ஊரில் பிரெஞ்சு பேசுகிற தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. கையில் காசில்லாதவர்கள் அங்கே ஆறு மாதம் இருந்து பார்ப்பதில் நஷ்டமொன்றுமில்லை.

இன்னொன்று. மகனுக்காக நிலத்தை ஒத்தி வைக்கத் துணிகிற தகப்பனார்கள், அதே வகுப்பில் அவனைவிட நன்றாகப் பிரெஞ்சு படிக்கிற மகளுக்கு ஏன் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?