களத்தை அறிந்த மந்திரி

பழைய தஞ்சை ஜில்லா நெல்லுக்குப் பேர்போனது போலவே ஒரு காலத்தில் திவான்களுக்கும் பேர்போனதாயிருந்தது. கும்பகோணத்தில் பிறந்த ஸர் டி. மாதவராவ் 1872 வரையில் திருவிதாங்கூர் திவானாக விளங்கினார். அவருக்குப்பின் அப்பதவியை ஏற்றவரும் நம் ஜில்லாக்காரரே. அமராவதி கிராமத்தில் 1828-ல் பிறந்த ஸர் அ. சேஷய்ய சாஸ்திரியார்தாம் அவர்.

பிரான்ஸ் தேசத்தில் ஜில்லா அதிகாரி ஒருவர் மந்திரியானால் யாரும் வியப்பதில்லை. நம்மவர்களுக்கோ பிரிட்டிஷ் சீமையில் அந்த வழி அடைபட்டிருந்தது. 1863-ஆம் வருஷம் வரையில் எந்த இந்தியரும் ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறியதில்லை. எத்துணைத் திறமையிருந்தாலும் தாசில்தார், சிரஸ்தார், டிப்டி கலெக்டர் என்ற அளவில் நிற்க வேண்டியதுதான். சாஸ்திரியாரும் ரெவினியூ இலாகாவின் கீழ்ப்படியில் தொடங்கி, மசூலிப்பட்டினத்தில் தாசில்தாராயிருந்தவரே. மேலே ஏறச் சுதேச சமஸ்தானம் ஒன்றே இடம் தந்தது.

ஆயினும் அந்தக் கீழ்ப்படி வீண்போகவில்லை. 1878-ல் அவர் புதுக்கோட்டையின் நிர்வாகத்தை ஏற்றபோது அங்கே அமானி முறை நடந்துவந்தது. விளைவில் சர்க்காருக்கும் குடியானவனுக்கும் பங்கு. பங்கு பிரிக்கும் நாள்வரை நெல் குடியானவனுடையதன்று. அதிகாரி வராமல் கதிரை அறுக்கலாகாது. அளவு முடியாமல் பொலியைத் தொடலாகாது. காவலுக்கு ஓர் ஆள், அவனைக் கண்காணிக்க வேறோர் ஆள், ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம். முற்றிய கதிர் வயலில் உதிர்ந்தாலும், களத்து நெல் மழையில் நனைந்தாலும் கேட்பாரில்லை.

சாஸ்திரியார் அம்முறையை ஒழித்து ரொக்கத் தீர்வையை ஏற்படுத்தினார். விலை வீழ்ந்த காலத்தில் ரொக்கத் தீர்வையும் பாரமே. அதை மறுக்க மாட்டோம். ஆனால் தன் கதிரைத் தான் வேண்டிய நாளில் அறுக்கும் உரிமை குடியானவனுக்குக் கிடைத்தது. அது சிறிய உரிமையன்று. 1888-ல் இனாம் நிலங்களுக்கும் அவர் ஒழுங்கு செய்தார். திவான் ரீஜண்டாகவும் இருந்து 1894-ல் ஓய்வு பெற்றார், 1903-ல் காலமானார். அவர் சீர்ப்படுத்திய சமஸ்தானம் 1948-ல் இந்திய யூனியனுடன் இணைந்தது.

சாஸ்திரியாரை நியமித்தவர்கள் பிரஜைகள் அல்லர். இன்றைய மந்திரிகளைக் குடிகளே தேர்ந்தெடுக்கிறார்கள். அது நாம் போராடிப் பெற்ற பேறு. எனினும் குறுவை அறுவடைக் காலத்தில் நம் ஜில்லாவிலே சாலையோரம் போய்ப் பாருங்கள். கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவிந்து கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் திரும்பக் காயவைக்க வேண்டும். மேலே ஐப்பசி மேகம் கறுத்து நிற்கும். அமானி போய்விட்டது. பொலியருகே காத்திருக்கும் குடியானவன் மட்டும் போகவில்லை.

ஆட்சிபீடத்தில் அமர்வோர் யாராயினும், ஒரு நாளேனும் அந்தக் குவியலருகே அமர்ந்துவிட்டுக் கோப்பில் கையெழுத்திடட்டும். அதற்குமேல் நாம் வேண்டுவது ஒன்றுமில்லை.