யாருக்காக மாறுவது?

"உன்னை நீ மாற்றிக்கொள், வாழ்வின் இலட்சியம் தானாக உன்னைத் தேடி வரும்." இந்த உபதேசம் இப்பொழுது சப்பிரகமுவத் தோட்டப் பாடசாலைகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இரத்தினபுரிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் அண்மையில் நடந்த ஆளுமை விருத்திக் கருத்தரங்கில் நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பேச்சாளர் நல்ல நாவன்மை உள்ளவர். வறுமை மனத்திலேதான் இருக்கிறது என்றார். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்: "சேர், மழை பெஞ்சா அம்மாவுக்குப் பேர் இல்லைங்க. அதுக்கு நான் எப்படிங்க மாறணும்?" சபை சிரித்தது. பேச்சாளரும் சிரித்து, அவனுடைய துணிச்சலைப் பாராட்டி ஒரு பேனாவைப் பரிசளித்தார். பதில் மட்டும் அளிக்கவில்லை.

அந்தக் கேள்வியின் பாரம் இறப்பர்த் தோட்டத்தை அறிந்தவர்களுக்கே புரியும். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குப் பேர் விழாது. பேர் விழாத நாளில் லயக் காம்பராவின் அடுப்பு எப்படி எரியும்? மழைக்குப் பேர்போன மாகாணத்தில் வாழும் ஒரு தாயின் வருமானத்தை மகனுடைய மனோபாவம் நிர்ணயிக்கிறது என்று போதிப்பதற்கு அறியாமை மட்டும் போதாது. கொஞ்சம் கல்நெஞ்சமும் வேண்டும்.

அப்படியானால் தனிமனிதன் மாறவே வேண்டாமா என்று கேட்கலாம். மாறத்தான் வேண்டும். இதே சப்பிரகமுவ மண்ணில் அத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்திருக்கிறது. 1934 இல் மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டைகளாயின. குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. அவ்வாண்டின் இறுதியில் மூண்ட மலேரியா 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கேகாலை மாவட்டம் மிகக் கொடுமையாகப் பாதிக்கப்பட்டது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாக ஏறி இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் கலாநிதி என். எம். பெரேரா. லண்டனில் ஹெரோல்ட் லாஸ்கியிடம் பயின்று திரும்பியவர். பருப்புப் பங்கிட்டுக் கொடுத்த அவரை ஜனங்கள் 'பருப்பு மாத்தயா' என்றே அழைத்தார்கள். லண்டன் தந்த கலாநிதிப் பட்டத்தைக் காட்டிலும் இந்தப் பட்டம் உயர்ந்ததென்பது என் அபிப்பிராயம்.

அவர் கண்ணாடி முன் நின்று தம் இலட்சியத்தைக் கண்டுபிடித்தவர் அல்லர். கொயினா மருந்து காய்ச்சலைத் தணிக்கலாம்; பட்டினியால் நொந்த உடம்பை அது எப்படி நிமிர்த்தும்? நுளம்பு எல்லோரையுந்தான் கடித்தது. உண்ண உணவில்லாதவனே அதிகமாகச் செத்தான். இந்த உண்மையைப் புத்தகத்தில் படிப்பது வேறு, பாயில் கிடப்பவனின் பக்கத்தில் குந்தியிருந்து அறிவது வேறு. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936 இல் ருவன்வெல்லத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று.

இவ்வளவோடு நிறுத்தினால் நானும் ஒரு புராணம் பாடியவனாவேன். 1948 இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து நின்ற அதே பெரேரா, 1964 ஜூன் மாதம் சிறிமாவோ அரசாங்கத்தில் நிதி மந்திரியானார். அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று அவ்வரசாங்கம் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் கதி பிறகு! பொதி பிரிப்பதைப் போல மனிதரைப் பிரித்தார்கள். ஜனங்களின் நடுவே மாறிய மனிதர், மந்திரிசபையின் நடுவே மறுபடியும் மாறினார். மனமாற்றத்தை மட்டும் நம்புகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

நான் இன்னொரு மாற்றத்தை அதிகம் மதிக்கிறேன். 1946 இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்துக்கொண்டு, அங்கிருந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. துரைக்கும் கங்காணிக்கும் தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நின்றவர்கள் அவர்கள். போகமாட்டோம் என்றார்கள். அவர்களுக்காக மற்றத் தோட்டங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. நிலமில்லாச் சிங்கள விவசாயியின் பசியைக் காட்டித் தமிழ்த் தொழிலாளியின் கூரையைப் பிடுங்கிய தந்திரத்தை அன்று எத்தனை பேர் புரிந்துகொண்டார்களோ, அறியேன். ஆனால் அந்த மனிதர்களுக்கு யாரும் ஆளுமை விருத்தி வகுப்பு நடத்தவில்லை. பக்கத்து லயத்துக்காரனும் தன்னோடு நிற்கிறான் என்று கண்டபோது அவர்களுடைய முதுகு நிமிர்ந்தது.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த தவணையிலும் அந்தப் பாடசாலையில் ஒரு கருத்தரங்கு நடக்கவிருக்கிறதாம். மேடையையும் ஒலிபெருக்கியையும் ஒழுங்கு செய்யப்போகிறவர்கள் நீங்கள்தான். அந்த மாணவனை இம்முறை முன்வரிசையில் உட்காரவையுங்கள். பேனாவை வாங்கிக்கொண்டு அவன் உட்கார்ந்துவிட்டால், அவனுடைய கேள்வியை நீங்கள் எழுந்து நின்று கேளுங்கள்.