காசியில் பாங், காலனியில் கேஸ்: வலிக்கு மருந்து எங்கே?

"கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவேன்." சேலத்திலும் நாமக்கல்லிலும் காலனியில் வளர்ந்த இளைஞர்களுக்கு இந்த மிரட்டலை விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த மிரட்டலுக்குப் பின்னால் நிற்கும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் (என்.டி.பி.எஸ்.) நோயாளிக்கென்று ஒரு வாசல் இருக்கிறது என்று எந்த அதிகாரியும் நம் தெருவுக்கு வந்து சொன்னதில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் காவல் நிலைய வாசல்தான். மருந்து வாசல் எங்கே இருக்கிறது, அது ஏன் நமக்கு மட்டும் திறப்பதில்லை என்பதைப் பேசவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் விற்பவன் நம் பிள்ளைகளின் எதிரி. இங்கே நாம் பேசுவது நோயாளியின் உரிமையைப் பற்றி.

சட்டம் என்ன சொல்கிறது?

என்.டி.பி.எஸ். சட்டத்தின் 8ஆம் பிரிவு போதைப்பொருளை விளைவிக்க, வைத்திருக்க, விற்கத் தடை விதிக்கிறது. அதே பிரிவு "மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்காக" உரிய அனுமதியோடு விலக்கும் தருகிறது. 2ஆம் பிரிவின் வரையறைப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனி சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது.

இலை ஏன் தப்பியது? வடக்கே சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் அரைத்துக் குடிக்கும் பாங் அந்த இலையிலிருந்துதான் வருகிறது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையிலும் இலை தடைக்கு வெளியே நின்றது. இன்றும் காசியிலும் ஜெய்சால்மரிலும் அரசு உரிமம் பெற்ற பாங் கடைகள் நடக்கின்றன. சாமி பேரைச் சொல்லிக் குடித்தால் அது பண்பாடு. சேகோ மில்லில் மூட்டை தூக்கி முதுகு ஒடிந்தவன் தொட்டால் அது குற்றம். எந்தப் பழக்கத்துக்கு மரியாதை, எந்தப் பழக்கத்துக்கு விலங்கு என்று இந்த நாட்டில் முடிவு செய்வது சாதி என்று நாம் சொன்னால் கோபப்படுகிறார்கள். கோபப்படுகிறவர்கள் காசிக்கு ஒரு விளக்கம் சொல்லட்டும்.

அந்த இலையைக் கொண்டு மருந்து செய்யவும் சட்டம் இடம் தருகிறது. 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் விதிகளில் இ(1) என்று ஓர் அட்டவணை உண்டு. சித்தா, ஆயுர்வேத, யுனானி முறைகளின் நச்சுப் பொருட்களைப் பட்டியலிடும் அந்த அட்டவணையில் இந்தச் செடியும் இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையோடு விற்கலாம். "விஜயா" என்ற பெயரில் இன்று இணையத்தில் விற்கும் எண்ணெயும் மாத்திரையும் இந்த வழியாகத்தான் வருகின்றன.

நோயாளி செய்ய வேண்டியது இதுதான். பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் நேரில் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். குப்பியின் மேல் தயாரிப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பில்லையும் சீட்டின் மூலப் பிரதியையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பூவையோ பொட்டலத்தையோ "மருந்து" என்று யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஒரு கிலோவுக்கு உட்பட்ட "சிறு அளவு" கஞ்சாவுக்கே ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, 10 முதல் 20 ஆண்டுகள்.

இங்கே இரண்டு உண்மைகளைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்று, அந்தச் சிறு குப்பியின் விலை ஆயிரங்களில் இருக்கிறது. தறிக்கூலியில் வாழும் பள்ளிபாளையத்துக் குடும்பம் அதை வாங்காது. இரண்டு, இந்த எண்ணெய் புற்றுநோயைக் குணமாக்காது. குணமாக்கும் என்பவன் நம் பணத்தைக் குறிவைக்கிறான். அமெரிக்கா 2018இல் இந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்துக்கு ஒப்புதல் தந்தது. அது குழந்தைகளை வாட்டும் இரண்டு கடும் வலிப்பு நோய்களுக்கு. பயன் உண்டு, எல்லையும் உண்டு.

உண்மையான சண்டை மார்ஃபினுக்கு

புற்றுநோய் முற்றியவரின் கடும் வலிக்கு உலகம் ஏற்றுக்கொண்ட மருந்து மார்ஃபின். உலக சுகாதார நிறுவனம் 1986லேயே அதைப் படிநிலையாக எழுதிக் கொடுத்துவிட்டது. விலையும் குறைவு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது, வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. அப்படிப்பட்ட நாட்டில் 1985 சட்டத்துக்குப் பிறகு மருத்துவமனைகள் பயந்தன. ஒரு மாத்திரைக்கு நான்கைந்து உரிமங்கள் கேட்டார்கள். 1997இல் இந்தியா முழுவதும் நோயாளிகளுக்குப் பயன்பட்ட மார்ஃபின் ஆண்டுக்கு 18 கிலோவாகச் சுருங்கியது.

நம் அபினால் வெளிநாட்டு நோயாளி வலியில்லாமல் கண் மூடினார். நம் தாத்தா பாட்டி கத்திக் கத்திச் செத்தார்கள்.

இந்த அநியாயத்தை எதிர்த்து வலிநிவாரண மருத்துவர்கள் நீண்ட காலம் போராடினார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. 2015 விதிகள் மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளை "அத்தியாவசிய போதை மருந்துகள்" என்று அறிவித்தன. பல உரிமங்கள் போய், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர் இருந்தால் மருத்துவமனை அந்த அங்கீகாரத்தைப் பெறலாம். சீட்டில் எழுதிய அளவை வாங்கி வீட்டில் வைத்திருக்கும் நோயாளி குற்றவாளி அல்ல.

கேரளம் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" வீட்டிலேயே வலி நிவாரணச் சேவையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நல்ல திட்டம்தான். வீடு தேடி வரும் பையில் வலிக்கான மருந்து இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

மதுவிலக்கின் முதல் மாவட்டம்

இந்தியாவில் மதுவிலக்குச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த இடங்களில் நம் சேலத்துக்கு முதல் வரிசை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அதை இங்கேதான் தொடங்கினார், அன்று நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். அந்தச் சட்டம் மதுவோடு போதைப் பொருட்களையும் சேர்த்தே தடுத்தது. பின்னாளில் வசதி உள்ளவருக்கு மருத்துவர் சான்றிதழோடு "பர்மிட்" கிடைத்த கதையையும் தமிழ்நாடு அறியும். விலக்கு என்று ஒன்று எழுதப்பட்டால் அதை எட்டிப் பிடிக்கப் படிப்பும் பணமும் தெரிந்த ஆளும் வேண்டும். இவை மூன்றையும் தலைமுறை தலைமுறையாக நமக்கு மறுத்துவிட்டு, "விலக்குதான் இருக்கிறதே" என்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசியலமைப்பைத் திறந்து 47ஆம் உறுப்பைப் படியுங்கள். மதுவிலக்கு பேசுகிறவர்கள் அதன் பின்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். முன்பாதி மக்களின் ஊட்டத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்துவதும் பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதும் அரசின் முதன்மைக் கடமைகளில் அடங்கும் என்கிறது. பின்பாதியிலும் "மருத்துவ நோக்கம் தவிர" என்ற சொற்கள் இருக்கின்றன. கைது செய்ய மட்டும் 47ஐ நினைவில் வைத்து, மருந்து கொடுக்க மறந்துவிடும் அரசு அந்த உறுப்பைப் பாதிதான் படித்திருக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு

கோபத்தைக் காகிதமாக மாற்றுவோம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடப் பத்து ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், 2022இல் திறந்த நாமக்கல் மருத்துவக் கல்லூரிக்கும், ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர், மேட்டூர் அரசு மருத்துவமனைகளுக்கும் நான்கே கேள்விகள் அனுப்புங்கள்:

1. அத்தியாவசிய போதை மருந்துகளுக்கான அங்கீகாரம் உள்ளதா?
2. வலிநிவாரணப் பயிற்சி பெற்ற மருத்துவர் எத்தனை பேர்?
3. கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை மார்ஃபின் மாத்திரைகள் வாங்கப்பட்டன, எத்தனை நோயாளிகளுக்குத் தரப்பட்டன?
4. மருந்து இருப்பு தீர்ந்த நாட்கள் எத்தனை?

சட்டம் படிக்கும் தோழர்கள் இன்னொன்றையும் தெருவுக்குக் கொண்டுபோங்கள். என்.டி.பி.எஸ். 50ஆம் பிரிவின்படி, உடலைச் சோதனையிடும் முன் கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதிகாரியிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கின் பெயரே தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு.

சாக்கடையில் இறங்கிய உடம்பு, ரிக் வண்டியில் ஊர் ஊராய்ச் சுற்றிய உடம்பு, கோழிப்பண்ணையில் தூசி தின்ற உடம்பு கடைசியில் வலியோடு படுக்கும்போது அதற்கு மருந்து கேட்பது பிச்சை இல்லை. சட்டம் எழுதிவைத்த பாக்கி அது. வசூலிப்போம்.

ஜெய் பீம்.