ஏரிக்கரையில் ஒரே இடம்

அம்பத்தூருக்கு டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் வந்தது. தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. மறு ஆண்டே ஆவடி டாங்க் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது. இந்த ஆலைகளை நம்பிச் சொந்த ஊரை விட்டு வந்து, அம்பத்தூர், ஆவடி, அயனம்பாக்கம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். அந்தத் தலைமுறையில் போட்டோப் பைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III பல வீட்டு அலமாரியில் தோல் உறையோடு இருந்தது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ கருப்பு வெள்ளை ரோல் அதற்குள் போனது. பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வந்து நிற்கும்வரை குமிழைத் திருக வேண்டும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். பதின்மூன்றாவது கிடையாது. கல்யாணமோ கிரகப்பிரவேசமோ, பன்னிரண்டுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப் படம் பிடித்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகள் முன்னால் கேமராவைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள். காரணம் புரிகிறது. வெளிச்சம் எவ்வளவு, தூரம் எவ்வளவு, கை நடுங்காமல் பிடிப்பது எப்படி என்று அவர்கள் பாடுபட்டுக் கற்றதை எல்லாம் மொபைல் கேட்காமலே செய்துவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இரவுக் காட்சியும் தெரியும், பின்னணியை மங்கலாக்கவும் தெரியும். தாத்தாவுக்கு முந்தாநாள் எடுத்த படம் போனில் எங்கே போனது என்பதே தெரியாது. ஆகவே கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை, கற்றுக்கொள்ள மட்டும் இருக்கிறது என்று முடிவு கட்டி, காலை வணக்கப் பூக்களை வாட்ஸப்பில் அனுப்புவதோடு பொழுதுபோக்கை நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த முடிவு தவறு என்பது என் வாதம். கருவியைப் பற்றி அவர்களிடம் சொல்ல இனி ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே நின்று, எதை, எத்தனை முறை பார்ப்பது என்பது கருவிக்குத் தெரியாது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், ஒரே கோணத்தில் நின்று படம் எடுப்பது என்ற ஒரு பழக்கத்தை மட்டும் கொடுத்தால் போதும். அதைக் கொடுக்கும் பொறுமையும் நேரமும் வீட்டில் அவர்களிடம்தான் இருக்கின்றன.

இது கிழவர்களுக்காகக் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 1888-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளை இப்படித்தான் படமெடுக்கத் தொடங்கினார். பிறகு வந்தவர்கள் அதே இடங்களில் நின்று எடுத்தபோது பனி எவ்வளவு பின்வாங்கியது என்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, அந்தத் தவிப்பை உலகத்துக்குச் சொன்னவை புழல் ஏரியின் இரண்டு செயற்கைக்கோள் படங்கள்: ஒன்று 2018 ஜூனில் எடுத்தது, மற்றது 2019 ஏப்ரலில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், விளக்கமே தேவைப்படவில்லை. தனியாகப் பார்த்தால் முதல் படம் வெறும் நீர்நிலை, இரண்டாவது வெறும் பொட்டல். கோணம் ஒன்றாக இருந்ததால்தான் அவை செய்தியாயின.

அயனம்பாக்கம் ஏரி இதற்கென்றே அமைந்த இடம். கூவம் படுகையில் வயலுக்குப் பாய்ச்ச வெட்டிய ஏரிகளின் வரிசையில் வருவது. இன்று சுற்றிலும் வயலுக்குப் பதில் வீடுகள். காலையில் கரையில் நடப்பவர்கள் ஏரியைப் பார்ப்பதாக நினைக்கிறார்கள், பெரும்பாலும் எதிரே வருகிறவரைத்தான் பார்க்கிறார்கள். கரையில் அடையாளம் மாறாத ஓரிடத்தைப் பேரப்பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்: ஒரு மதகு, ஒரு விளக்குக் கம்பம், ஒரு மரம். அங்கிருந்து மாதம் ஒரு படம். சித்திரையில் தண்ணீர் விளிம்பு எங்கே நிற்கிறது, ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கே ஏறுகிறது, ஆகாயத்தாமரை எந்த மூலையில் தொடங்கி எவ்வளவு பரவுகிறது, எதிர்க்கரையில் எந்த மாதம் ஒரு தளம் கூடுகிறது என்பதெல்லாம் தானாகப் பதியும். பிள்ளையின் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைப்பதுபோலத்தான் இதுவும். ஒரு கோடு எதையும் சொல்லாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2019 ஜூன் வறட்சிக்கும் இடையே மூன்றரை ஆண்டு. அந்த மூன்றரை ஆண்டும் ஒரு வீடு ஒரே இடத்திலிருந்து மாதம் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், அந்த நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள் இன்று எந்த நீரியல் மாணவருக்கும் பொக்கிஷம்.

இதற்கு முதலில் வரும் ஆட்சேபம், குழந்தை ஏற்கெனவே நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறது, ஏரிக்கரையிலும் போனைக் கையில் கொடுப்பதா என்பது. கண்ணால் பார்க்க வேண்டியதைக் கேமரா வழியே பார்த்தால் மனதில் நிற்காது என்றும் சொல்வார்கள். இதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், சில பொருட்களை வெறுமனே பார்க்கவும் சிலவற்றைப் படம் எடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருட்களைப் பற்றி அவர்களுக்குக் குறைவாகவே ஞாபகம் இருந்தது. கேமராதான் வைத்திருக்கிறதே என்று மனம் கைகழுவிவிடுகிறது. இந்தப் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துபவர்கள் உண்டு. அதே ஆய்வின் மறுபாதி இன்னும் சுவாரசியமானது: பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுக்கச் சொன்னபோது அந்த மறதி வரவில்லை, ஜூமுக்கு வெளியே விட்ட பகுதிகூட ஞாபகத்தில் இருந்தது. எதைச் சட்டத்துக்குள் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டி வந்தால் மனம் விழித்துக்கொள்கிறது என்றே இதை எடுத்துக்கொள்கிறேன். 2017-இல் அலிக்ஸாண்ட்ரா பராஷும் சக ஆய்வாளர்களும் இன்னொன்றையும் காட்டினார்கள்: தாமே விரும்பிப் படம் எடுத்தவர்களுக்குக் கண்டது கூடுதலாக ஞாபகம் இருந்தது, காதால் கேட்டது குறைந்தது. தாத்தா பாட்டிகளுக்கு இதில் ஒரு நேரடி யோசனை இருக்கிறது. கதை சொல்லும்போது கேமரா பைக்குள் இருக்கட்டும்.

பன்னிரண்டு படக் கணக்கு இங்கேதான் மறுபடி வேலைக்கு வருகிறது. மொபைலில் பன்னிரண்டு படத்தோடு நிறுத்த எந்தக் கட்டாயமும் இல்லை. அந்தக் கட்டாயத்தை விளையாட்டு விதியாக வைக்கலாம். ஒரு காலைக்குப் பன்னிரண்டு. அழித்துவிட்டு மறுபடி எடுப்பதும் ஒரு எண்ணிக்கைதான். நாமக்கோழி ஒன்று முக்குளித்துப் போனால் எந்த இடத்தில் எழும் என்று தெரியாது; கருப்பு உடம்பில் நெற்றியின் வெள்ளை மட்டும் முதலில் தெரியும். பன்னிரண்டில் ஏழு போய்விட்ட பிள்ளை அதற்குள் விரலைத் தட்டாது, காத்திருக்கும். நூறு படம் எடுக்க முடிந்தவன் அந்த வெள்ளையைக் கவனித்திருக்கவே மாட்டான். வீட்டுக்கு வந்து பன்னிரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அடுத்த வேலை. பாதித் திரை நேரம் அந்தத் தர்க்கத்தில் போகும். அந்தத் திரை நேரத்துக்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

பறவையைப் பிடிக்க நீள லென்ஸ் வேண்டுமே, அது ஒரு மாதச் சம்பளமாயிற்றே என்பார்கள். பறவைதான் வேண்டும் என்று யார் சொன்னது? இன்று கேமராவோடு வெளியே போகிறவர்கள் எல்லோரும் மீன்கொத்தியைத் துரத்துவது ஒரு நோய். அந்தக் காலத்தில் வீட்டுக் கேமரா பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்தது; பாட்டி படத்துக்குள் இருந்தாள், அல்லது அடுப்படியில் இருந்தாள். இப்போது அவள் கையிலும் ஒரு மொபைல் இருக்கிறது. அவளோடு கரையில் நடந்தால் பார்வை தண்ணீரிலிருந்து தரைக்கு இறங்கும். ஈரத்தில் படர்ந்திருப்பது பொன்னாங்கண்ணியா வேறா, இந்த வல்லாரையைச் சமைக்கலாமா இல்லை சாக்கடை சேரும் இடத்தில் முளைத்ததா என்று அவளுக்குத் தெரியும். ஒரு இலையின் விளிம்பை அரை அடி தூரத்திலிருந்து எடுக்கச் சாதாரண மொபைல் போதும்.

சாதாரணத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இந்த நகரத்திலேயே ஒரு சான்று உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கருப்பு வெள்ளையில் மட்டுமே படம் பிடித்தார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே பொருத்திய கனத்த கேமராவோடு காடுகளில் அலைந்தார். 1950-இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் தொடங்கிய அவருடைய இயற்கைப் பத்தி அவர் இறந்த ஆண்டுவரை வந்தது. யானையையும் எழுதினார், வீட்டு முற்றத்துக் காக்கையையும் அணிலையும் அதே அக்கறையோடு எழுதினார். பேத்திக்காக விலங்குகளைப் பற்றி அகரவரிசையில் ஆங்கிலப் பாடல்கள் எழுதிப் படமும் வரைந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அது புத்தகமாயிற்று. அவர் பேத்திக்குக் கொடுத்ததில் கேமராவின் தொழில்நுட்பத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்கலாம். எந்த விலங்கு எப்படி இருக்கும், எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் இருந்தது.

பிள்ளைகளுக்கு அலுத்துவிடாதா? அலுக்கும். மூன்றாம் மாதம் ‘மறுபடி அதே இடமா தாத்தா’ என்று கேட்காத பேரன் கிடையாது. அதனால்தான் பன்னிரண்டில் ஒன்று மட்டும் அந்த நிலையான படம். மீதிப் பதினொன்றும் அவன் இஷ்டம், செருப்பையோ தாத்தாவின் காதையோ எடுத்துக்கொள்ளட்டும். இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தைச் சுற்றிப் பேச ஆரம்பித்தால் பெரியவர்கள் ‘அந்தக் காலத்துல’ என்று தொடங்கிவிடுவார்கள், பொழுதுபோக்கு புலம்பலாகிவிடும் என்பது. நியாயமான பயம். முதியவர்களின் நினைவில் எல்லா ஏரியும் கரைவரை ததும்பும், எல்லா வயலும் பச்சையாக இருக்கும். ஆனால் மாதப் படங்கள் சேரச் சேர அந்த நினைவுக்கும் ஒரு தணிக்கை வருகிறது. ‘போன வருஷம் இதே மாசம் தண்ணி அந்தக் கல்லுக்கு மேல இருந்துச்சு’ என்று தாத்தா அடித்துச் சொல்ல, பேத்தி படத்தை எடுத்துக் காட்டி ‘இல்லை தாத்தா, கல்லுக்குக் கீழதான்’ என்று சொல்ல முடியும். பெரியவர்கள் சொல்வதை மரியாதை குறையாமல் சரிபார்க்க வழி கொடுக்கும் பொழுதுபோக்குகள் நம் வீடுகளில் அதிகம் இல்லை.

எடுத்த படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்காவிட்டால் எல்லாம் வீண். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மமாக்கினார்கள். அந்தக் காலத்துப் படங்கள் எதை எடுத்துக்கொண்டாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இவர் யார்? நாற்காலியில் கைவைத்து நிற்பவரின் வேட்டிக்கரைகூடத் தெளிவாகத் தெரியும், பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. பேரப்பிள்ளையின் படத்தை வாட்ஸப்பில் மட்டும் விட்டுவைத்தால் அதுவும் அப்படித்தான் ஆகும். அனுப்பும்போது படம் சுருங்கும், எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துபோகும். மூலப்படத்தைத் தனியே வைத்து, தேதியும் ஒரு வரியும் சேர்த்து, வருடத்துக்குப் பன்னிரண்டையாவது அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டுவது தாத்தாவின் பொறுப்பாகட்டும். பேத்தி எடுத்த படத்தையோ பேத்தியையே எடுத்த படத்தையோ ஸ்டேட்டஸில் போடும்முன் அவளைக் கேட்பதும் அந்தப் பொறுப்பில் சேர்த்தி. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தரவை நிறுவனங்கள் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. குடும்பக் குழுவுக்கு அந்தச் சட்டம் வராது. குழந்தையின் சம்மதத்தை அங்கே கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

இதையும் வீட்டோடு நிறுத்த வேண்டியதில்லை. 2015 முதல் தமிழகத்தில் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நிபுணராக இருக்க வேண்டாம். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிந்தால் போதும். அடையாளம் சந்தேகமாக இருந்தால் படத்தைச் சேர்க்கலாம், தெரிந்தவர்கள் திருத்துவார்கள். நிற்க வேண்டிய இடத்தைத் தேட இந்த வீட்டார் அலைய வேண்டாம். அந்த மதகோ விளக்குக் கம்பமோ ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. தை மாதப் படமும் எப்படியும் எடுத்தாக வேண்டும்.