மணற்பள்ளத்து ஈரற்பாசி

வேல்ஸ் நாட்டின் தென்கரையில், கோட்டையோடு விளங்கிய கென்ஃபிக் என்ற பழைய நகரத்தின்மேல் கடற்காற்று ஓயாமல் வாரிக் கொட்டிய மணல், மத்திய காலத்திலேயே அதை அடியோடு மூடிவிட்டபடியால், இன்று கோட்டைச் சுவரின் சிதைவு மட்டுமே குன்றுகளின் நடுவே தலைகாட்டுகிறது. மனிதரைத் துரத்திய அந்த மணல்தான் பெட்டல்வொர்ட் என்ற ஈரற்பாசிக்குத் தாய்மடியாக அமைந்தது. அந்தச் செடியின் இன்றைய அபாயத்தை விளங்கிக்கொள்ள இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் அவசியம்.

தாவர சாஸ்திரிகள் பெட்டலோஃபில்லம் ரால்ஃப்ஸி என்று அழைக்கும் இச்செடி, நுரையீரல் நோயின் காரணமாக வைத்தியத் தொழிலை விட்டுவிட்டுப் பென்ஸான்ஸ் என்ற கடற்கரை ஊரில் குடியேறிப் பாசிகளின் ஆராய்ச்சியிலேயே ஆயுளைச் செலவிட்ட ஜான் ரால்ஃப்ஸ் என்பவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. வேரும் பூவும் அற்று, கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்கு மேல் அரிதாகவே வளரும் இது, தன் மேற்பரப்பில் மெல்லிய மடிப்புகள் நிமிர்ந்து நிற்க, இளங்கீரைக் குருத்தொன்றை மணலில் பதித்து வைத்தாற்போலத் தோன்றும். குளிர்கால ஈரத்தில் செழித்து வசந்தத்தில் வித்துத்தூள் உதிர்க்கும். கோடையில் பள்ளம் உலர்ந்ததும் மேலே தெரிந்த பசுமை முழுவதும் மடிந்துபோக, மணலுக்குள் புதைந்த தடித்த நுனி மட்டும் ஜீவனைப் பிடித்துக்கொண்டு கிடந்து, மழை திரும்பியதும் மறுபடி தளிர்க்கும். இத்தனை நுட்பமான ஏற்பாட்டை இத்தனை சிறிய உடலில் வைத்திருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

மணற்குன்றுகளுக்கு இடையே நிலத்தடி நீர் எட்டிப் பார்க்கும் தாழ்வான பள்ளங்களே இதன் வாசஸ்தலம். சிப்பித்தூள் கலந்து சுண்ணாம்புச் சத்து மிகுந்த அந்த ஈரமணல் திறந்து கிடக்கவேண்டும். உயர்ந்த புல் வளர்ந்து நிழல் கவிந்தால் இது பிழைப்பதில்லை. ஆகையினால் காற்றின் அலைக்கழிப்பும், மேயும் கால்நடையும், மனிதர் நடந்து இறுகிய ஒற்றையடிப் பாதையும் இதற்குப் பகைகளல்ல, உற்ற துணைகள்.

துணைகளில் தலையாயது முயல். 1952ஆம் ஆண்டு, பிரான்ஸ் தேசத்தில் ஆர்மான் தெலீல் என்ற மருத்துவர், தம் பண்ணையைக் கெடுத்த முயல்களை ஒழிப்பதற்காக இரண்டு முயல்களுக்கு மிக்ஸோமடோசிஸ் நோயை ஊசி வழியே ஏற்றி விட்டார். பண்ணையின் மதிலைத் தாண்டிப் பரவிய அந்தக் கொள்ளைநோய், மறு வருஷமே பிரிட்டனை எட்டிச் சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்த முயல்களில் மிகப் பெரும்பாலானவற்றை மாய்த்தது. முயல் கடித்துக் கடித்துக் குட்டையாக வைத்திருந்த புல் ஓங்கி எழுந்தது, புதர்கள் மண்டின. ஒரு வைத்தியர் பெயரைத் தாங்கிய செடிக்கு, அதை அறிந்திராத மற்றொரு வைத்தியரின் செயலால் இந்தக் கேடு நேர்ந்ததை எண்ணி என் மனம் வருந்துகிறது.

மணலைக் கண்டு அஞ்சிய மனிதர் அதைக் கட்டிப்போடவும் முனைந்தார்கள். வேல்ஸைச் சேர்ந்த ஆங்கில்ஸி தீவின் நியூபரோவில் 1947 முதல் 1965 வரை, மணலை நிலைநிறுத்தவும் மரத்தொழில் வளரவும் வேண்டி, சுமார் 700 ஹெக்டேர் பரப்பில் கோர்சிகா பைன் மரங்களை நட்டார்கள். ஊரை இழந்த சரித்திரம் உடைய கரைகளில் அந்த அச்சம் நியாயமானதே. அவர்களைக் குறைகூற நான் துணியமாட்டேன். ஆயினும் மரங்கள் நீரை உறிஞ்சின, நிழலால் மூடின. வேறிடங்களில் கோல்ஃப் மைதானங்களும் வடிகால்களும் நீர்மட்டத்தைத் தாழ்த்தின. இவை யாவற்றுக்கும் மேலாக, வாகனப் புகையிலிருந்தும் பண்ணைகளின் சாணக் காற்றிலிருந்தும் நைட்ரஜன் வானத்திலிருந்து இறங்கி, ஏழை மணலைக் கொழுக்கவைத்துப் புல்லையே வளர்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த உரத்துக்கு வேலி போட முடியாது.

1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வனவிலங்குச் சட்டமும், 1992ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாசஸ்தலச் சட்டமும் இச்செடியைப் பெயர் குறிப்பிட்டே காக்கின்றன. பறிப்பவன் கையைச் சட்டம் தடுக்கும். மூடிவரும் புல்லை அது தடுக்காது. ஆகவே இப்போது கென்ஃபிக்கிலும் நியூபரோவிலும் இயந்திரங்களைக் கொண்டு புல்தரையைச் சுரண்டி, குன்றுகளில் காற்றுக்கு வாசல் திறந்து, ஈரமணலை வெளிப்படுத்தும் வேலையை இயற்கைப் பாதுகாவலர்களே செய்துவருகிறார்கள். பச்சைப் போர்வையைக் கிழிக்கிறார்களே என்று பதறுவோரின் மனம் எனக்குப் புரிகிறது. எனினும் அந்த வேலை சரியானதே என்பது என் தீர்மானமான கருத்து. பதறுகிறவர்கள் சில குளிர்காலங்கள் பொறுத்திருந்து, திறந்துவிட்ட பள்ளங்களில் முழங்காலிட்டுக் குனிந்து தேடிப் பார்த்த பிறகு தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லும்படி வேண்டிக்கொள்கிறேன்.