வாங்கும் முன் படித்தவர் யார்?

டிசம்பரில் புதுச்சேரிப் புத்தகக் கண்காட்சி நடக்கும் திருமண மண்டபத்தில் பள்ளி நூலகர்களை அடையாளம் கண்டுகொள்வது எளிது. மற்றவர்கள் அட்டையைப் பார்ப்பார்கள். இவர்கள் புத்தகத்தைக் கவிழ்த்து முதுகைப் பார்ப்பார்கள். நடுப்பக்கத்தை விரித்து, பின் அடித்திருக்கிறதா, நூலால் தைத்திருக்கிறதா என்று விரலால் தடவுவார்கள். கடற்காற்று வீசும் ஊர். பின் அடித்த புத்தகம் இரண்டு மழைக்காலம் தாங்காது. பின் துருப்பிடித்து, துரு தாளை அரித்து, நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். எந்தப் பிள்ளை கிழித்தது என்று ஒரு விசாரணையும் அதற்குள் நடந்து முடிந்திருக்கும்.

தையல் சரி. கதை?

அதைப் பார்க்கத்தான் அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையிலேயே எழுதிவைத்திருக்கிறது. சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் நூலகத்துக்கென்றே, பள்ளியின் நிலையைப் பொறுத்து, ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு. பணம் வந்து சேரும்போது நிதியாண்டு முடியும் தறுவாயில் இருந்தால் என்ன நடக்கும் என்பது அரசு அலுவலகப் படியேறியவர்களுக்குத் தெரியும். பட்டியல் வரும், கட்டு வரும், பில் வரும். நூலகர் கட்டைப் பிரிப்பார், பதிவேட்டில் எண் போடுவார், முத்திரை குத்துவார், பீரோவில் அடுக்குவார். இந்த நாலு வேலையில் எதிலும் புத்தகத்தைப் படிப்பது சேர்த்தியில்லை.

இத்தனைக்கும் அது மலையைப் புரட்டும் வேலையல்ல. புத்தகம் ஒன்று நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20,000 ரூபாய்க்கு இருநூறு புத்தகம். படக்கதை படிக்கப் பத்து நிமிடம் போதும். சிறார் நாவலுக்கு ஒரு சாயங்காலம். அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் நூலகர்கள் நான்கு பேர் பங்கு பிரித்துக்கொண்டால் ஒரு பருவத்துக்குள் மொத்தத்தையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரிக் குறிப்பும் எழுதிவிடலாம்.

படிக்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஜூனில் மேற்கு வங்கத்தின் பர்த்தமானில் நடந்ததைச் சொல்லலாம். மழலையர் வகுப்புக்கான ஆங்கில அரிச்சுவடி அது. ‘யு’ என்ற எழுத்துக்கு ‘அக்ளி’, அதாவது அசிங்கம் என்று போட்டு, பக்கத்தில் கறுத்த நிறப் பையனின் படம் அச்சிட்டிருந்தார்கள். மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த ஒரு தந்தை அதைப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆசிரியர்கள் இருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு பரிந்துரைத்த நூல் அல்ல, பள்ளியே சேர்த்துக்கொண்டது என்று விளக்கம் வந்தது. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் பளபளப்பு அட்டைக் கதைகளிலும் அரக்கன் எந்த நிறம், இளவரசி எந்த நிறம் என்று ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். எழுதியவர் பெயரும் இருக்காது, வரைந்தவர் பெயரும் இருக்காது. நூலகர் இந்தப் பெயர்களைத் தேடுவது சம்பிரதாயத்துக்காக அல்ல. பெயர் போடாத புத்தகத்துக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை.

பெயர் இருந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் புதுச்சேரி ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறது. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்தின் அழைப்பில் நாட்டுப்புறவியல் சொல்லித்தர இந்த ஊருக்கு வந்தார். 2021 மே மாதம் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவருடைய ‘பிஞ்சுகள்’ குழந்தைகளுக்கான குறுநாவல். பறவைகளுக்கும் அவற்றின் முட்டைகளுக்கும் பின்னால் அலையும் கரிசல்காட்டுச் சிறுவனின் உலகம். அதே கி.ரா. கூச்சமில்லாமல் தொகுத்த இன்னொரு வகை நாட்டுப்புறக் கதைகளும் உண்டு. அந்த நூலுக்கு அவர் வைத்த பெயரே ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’. நூலக எண்ணின்படி அடுக்கினால் நாட்டுப்புறக் கதைகளுக்கு டூயி முறையில் 398.2. காக்கா நரிக் கதையும் அங்கேதான் நிற்கும், இதுவும் அங்கேதான் நிற்கும். ‘சாகித்ய அகாதெமி எழுத்தாளர், நம்ம ஊர்க்காரர், எல்லாவற்றிலும் ஒரு பிரதி’ என்று மொத்தமாக ஆர்டர் போட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் எது போய்ச் சேரும் என்று யாருக்கும் உறுதி இல்லை. கி.ரா.வாவது தலைப்பிலேயே எச்சரித்தார். எல்லா எழுத்தாளரும் அப்படிச் செய்வதில்லை.

பாரதி விஷயம் வேறு விதம். 1908 முதல் 1918 வரை பத்தாண்டு அவர் இங்கே இருந்தார். பாப்பா பாட்டும் புதிய ஆத்திசூடியும் அந்தக் காலத்தில் பிறந்தவை. அவருடைய எழுத்துகளின் உரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு பொதுவுக்குக் கொடுத்தது. அதனால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்; அச்சடிக்கவும் செய்கிறார்கள். ஆகவே நூலகர் மேசைக்கு வரும் பாப்பா பாட்டுப் படப்புத்தகத்தில் கவனிக்க நிறைய இருக்கிறது. லகர ளகரம் சரியாக இருக்கிறதா? ஓடி விளையாடும் கண்ணியும் சின்னஞ்சிறு குருவிக் கண்ணியும் வந்ததோடு பாட்டை நிறுத்திவிட்டார்களா, சாதி இல்லை என்று சொல்லும் இடம்வரை விட்டுவைத்திருக்கிறார்களா? கண்ணிகளை எண்ணிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் எண்ணுவதற்கு முழுப் பாட்டும் எண்ணுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வயதுக்கேற்ற மொழி என்ற கேள்வியில் ஆங்கிலப் பள்ளிகளில் புழங்கும் ஐந்து விரல் சோதனை ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைப் படிக்கச் சொல்வது, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்வது. ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். தமிழில் இது அப்படியே செல்லாது. பிள்ளைக்குச் சொல் தெரியும். ஆனால் நான்கு சொல்லைச் சேர்த்து எழுதிய ‘ஓடிவந்துகொண்டிருந்தவனைப்பார்த்து’ முன்னால் வந்து நின்றால் மூச்சு வாங்கும். பிரித்து எழுதினால் அதே வரியை இரண்டாம் வகுப்பு படித்துவிடும். ஆகவே தமிழ்ச் சிறார் நூலைக் கையில் எடுப்பவர் சொல்லின் கடினத்தைவிடச் சொற்சேர்க்கையையும் எழுத்தின் பருமனையும் வரிகளுக்கு இடையே விட்ட வெளியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வட்டார வழக்கு அத்தனை பெரிய தடையல்ல. ‘வந்துகினு’ என்று பேசும் புதுவைப் பிள்ளைக்குக் கரிசல் சொல் புதுசுதான், ஆனால் உரக்கப் படித்துக் காட்டினால் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதியைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

இதையெல்லாம் கடந்த பிறகுதான் உண்மையான சிக்கல் வருகிறது. நல்ல புத்தகம், நல்ல மொழி, நல்ல தையல். ஆனால் உள்ளே ஒரு பக்கம் உறுத்துகிறது. அதை என்ன செய்வது?

அந்த்வான் து செந்த் எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ தமிழுக்கு ஆங்கிலம் வழியாக வரவில்லை. வெ. ஸ்ரீராமும் புதுச்சேரியைச் சேர்ந்த ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்தே பெயர்த்தார்கள், க்ரியா வெளியிட்டது. பிரெஞ்சு ஆண்ட ஊரின் பள்ளி பீரோவில் இருந்தே ஆக வேண்டிய நூல். அதில் குட்டி இளவரசன் போய்ச் சேரும் கிரகங்களில் ஒன்றில் ஒரு குடிகாரன் இருக்கிறான். ஏன் குடிக்கிறாய் என்றால், வெட்கத்தை மறக்க என்கிறான். எதற்கு வெட்கம் என்றால், குடிப்பதற்காக என்கிறான். ஒரு பக்கம்கூட வராத சின்ன அத்தியாயம். மதுக்கடைகளுக்குப் பேர்போன ஊரில், அந்தப் பக்கத்தை வகுப்பில் படித்தால் எந்தப் பிள்ளை சிரிக்கும், எந்தப் பிள்ளை தலை குனியும் என்பது அந்த வகுப்பைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். வகுப்பைத் தெரியாத யாரோ ஒருவர் தயாரிக்கும் பட்டியலில் அந்த நூலை அடிப்பது சுலபம், சேர்ப்பதும் சுலபம். அதைத் தலை குனியும் பிள்ளைக்கு எப்போது, எப்படிக் கொடுப்பது என்பதில்தான் நூலகரின் தேர்ச்சி இருக்கிறது. அந்தப் பக்கம் யாருக்காவது எழுதப்பட்டது என்றால் அந்தப் பிள்ளைக்குத்தான்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. தகாத தொடுதலுக்கு ஆளாகும் சிறுமியின் துன்பத்தைப் பேசும் இந்த நூலுக்கு 2020-இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. குழந்தைக் கதையில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. தேவை என்பதே இந்தக் கட்டுரையின் நிலை. ஆனால் நூலகர் மேசையில் இதற்கான கேள்வி வேறு: இதைப் படித்த ஒரு பிள்ளை மறுநாள் வந்து, தனக்கும் அப்படி நடந்தது என்றால் என்ன செய்வது? 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் தெரிந்தவர் புகார் அளித்தே ஆக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் தெரிந்திருக்க வேண்டும். தலைமை ஆசிரியரிடம் முன்பே பேசியிருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் அந்த நூலை அடுக்கில் வைப்பது அரைகுறை வேலை. ஏற்பாடு இல்லை என்பதற்காக நூலை வாங்காமல் விடுவது அதைவிட மோசம்.

உறுத்தும் சொல்லை மாற்றிவிட்டால் என்ன என்று வெளிநாட்டில் முயன்று பார்த்தார்கள். ரோல்ட் தாலின் கதைகளில் ‘குண்டு’ போன்ற சொற்களை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பு வருவதாக 2023 பிப்ரவரியில் செய்தி வெளியானதும் பெரிய ரகளை. பழைய பாடத்தையும் சேர்த்தே வெளியிடுவோம் என்று பஃபின் பதிப்பகம் இறங்கி வந்தது. பிரெஞ்சுப் பதிப்பாளரான கலிமார், தங்கள் மொழிபெயர்ப்பைத் தொடப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவிலோ 2023-24 கல்வியாண்டில் மட்டும் பள்ளிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகத் தடைகளை பென் அமெரிக்கா அமைப்பு எண்ணியது. நம்மிடம் அப்படித் தடை போட ஆள் தேவைப்படவில்லை. பீரோவைப் பூட்டி வைத்தால் போதும்.

படித்துத் தேர்ந்தெடுக்கும் இந்த வேலை புதுச்சேரிக்கு இப்போது ஏன் அவசரம் என்றால், அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் படிப்படியாகத் தமிழகப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இ-க்கு மாறியிருக்கின்றன. தமிழக அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொண்டுசென்றது. எல்லையின் இந்தப் பக்கம் இருப்பவர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. 1827-இல் தொடங்கி இன்று ரோமன் ரோலண்ட் பெயர் தாங்கும் நூலகம் இருக்கும் ஊர் இது. ‘சோளக்கொல்லைப் பொம்மை’க்காக 2011-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற ம.இலெ. தங்கப்பா பாடம் நடத்திய ஊர். 2017-இல் அதே விருதைப் பெற்ற வேலு சரவணன் பிள்ளைகளைக் கூட்டி நாடகம் போடும் ஊர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு சேர்ந்து புதுவை அறிவியல் இயக்கமும் 1987 முதல் ‘துளிர்’ இதழைக் கொண்டுவருகிறது. தனக்கென ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள இந்த ஊருக்கு ஆள் பஞ்சம் இல்லை. காரைக்காலுக்கும் அதே பட்டியல் உதவும். மாஹே மலையாளத்திலும் ஏனாம் தெலுங்கிலும் தங்களுக்கானதைப் போட்டுக்கொள்ளட்டும்.

பட்டியலில் ஒரே ஒரு நிபந்தனை வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் எதிரே, அதை முழுக்கப் படித்த நூலகரின் பெயரும், எந்த வகுப்புக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார் என்பதும், பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் நெளிந்தார்கள் என்பதும் இருக்க வேண்டும். கண்காட்சிக்குப் போக நூலகருக்கு ஒரு நாள் பணி அனுமதியும், அங்கேயே தேர்ந்து வாங்கும் அதிகாரமும் கூடவே தர வேண்டும்.

வாங்கிய பிறகு தீர்ப்பு சொல்வது பின்னட்டைக்குள் ஒட்டிய தேதிச் சீட்டு. மூன்று ஆண்டாக ஒரு முத்திரைகூட விழாத சீட்டும், நெருக்கியடித்து முத்திரை விழுந்து இரண்டாவது சீட்டு ஒட்டிய புத்தகமும் அடுத்த ஆண்டு எதை வாங்குவது என்று தாமே சொல்லிவிடும். சீட்டில் முத்திரை விழ வேண்டுமானால் புத்தகம் வெளியே போக வேண்டும். வெளியே போனால் தொலையும். தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் பல நூலகர்களுக்கு இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதி வேறு மாதிரி பேசுகிறது. ஓராண்டில் வழங்கிய ஆயிரம் நூலுக்கு ஐந்து தொலைவது, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமில்லாதவரை, நியாயமான இழப்பு. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாய விசாரணை. ஐந்நூறு பிள்ளைகள் மாதம் இரண்டு புத்தகம் வீதம் பத்து மாதம் எடுத்தால் பத்தாயிரம் வழங்கல். ஐம்பது புத்தகம் வரை தொலையலாம். அந்த விதியை ஒரு தாளில் நகலெடுத்து, பீரோ சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.