ஒத்தைத் தலைவலிக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு

மக்களே, இன்னிக்கு மொக்கை இல்லை, கொஞ்சம் சீரியஸ் பதிவு. "பீரியட்ஸ் மேட்டரா, ஆளை விடு"ன்னு எஸ்கேப் ஆகப் பாக்குற அண்ணன்மார்களும் படிங்க. உங்க வீட்லயும் ஒருத்தர் மாசாமாசம் தலையில துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு இருட்டு ரூம்ல படுத்திருக்கலாம்.

"தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட நின்னிருப்பே" - அம்மா. "அந்தப் பொட்டியையே பாக்காதே" - மாமா. "கல்யாணம் ஆனா சரியாயிடும்மா" - டாக்டர். மாசத்துல மூணு நாள் வாந்தியோட வர்ற தலைவலிக்கு நாலு வருஷமா எனக்குக் கிடைச்ச டயக்னோசிஸ் இவ்ளோதான்!

இந்த வலிக்கு மாத்திரைக்கும் முன்னாடி வேண்டியது ஒரு நோட்டுங்கறது என் கட்சி. மைக்ரேனைக் காட்டிக்கொடுக்க ரத்த டெஸ்ட்டோ ஸ்கேனோ கிடையாது. ஸ்கேன் எடுக்கறது வேற வியாதி இல்லைன்னு உறுதி பண்ணத்தான். "அடிக்கடி வரும் சார்"னு மட்டும் சொன்னா அவர் என்ன பண்ணுவார்? "சாஃப்ட்வேர் வேலை செய்யலை"ன்னு ஒத்தை வரியில வர்ற பக் ரிப்போர்ட்டை நாம எந்த லட்சணத்துல பாக்கறோம்?

சர்வதேசத் தலைவலிச் சங்கத்தோட 2018 வகைப்பாட்டுல கணக்கு தெளிவா இருக்கு. பீரியட்ஸ் ஆரம்பிக்கிற நாள் 1. முந்தின நாள் -1. பூஜ்யமே கிடையாது (சி மொழிக்காரங்க மன்னிக்க). -2லேர்ந்து +3 வரைக்கும் உள்ள அஞ்சு நாளுக்குள்ள, மூணு சுற்றுல ரெண்டுலயாவது மைக்ரேன் வரணும். அந்தச் சமயத்துல ஈஸ்ட்ரோஜன் சர்ருன்னு இறங்கறதை முக்கியக் காரணமா சொல்றாங்க. இதையெல்லாம் ஞாபகத்துலேர்ந்து சொல்ல முடியுமா?

அதனால தேதி, நேரம், பத்துக்கு எத்தனை வலி, வாந்தி, கண்ணுல ஒளி நெளியுதா, என்ன மாத்திரை, கேட்டுச்சா இல்லையா, எல்லாம் எழுதுங்க. ஒளி நெளியறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ரிஸ்க்கைக் கூட்டும். மூணு மாசத்துக்கு மேல, மாசம் 15 நாள் பாராசிட்டமாலோ 10 நாள் ட்ரிப்டானோ போட்டா அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

இன்னொண்ணு. மருந்துக்கு லேசுல அடங்காத மைக்ரேன்னு பேர் வாங்க ஐரோப்பியத் தலைவலிக் கூட்டமைப்பு 2020-ல ஒரு வரையறை வச்சது. மூணு வகைத் தடுப்பு மருந்து தோத்திருக்கணும், மூணு மாசம் தொடர்ந்து மாசம் 8 நாளாவது வலி முடக்கியிருக்கணும். அஞ்சு நாள் மட்டும் செத்துப் பிழைக்கிறவ இந்தக் கணக்குலயே வரமாட்டா! அதான் சொல்றேன், நாள் எண்ணிக்கையோட நிறுத்தாதீங்க. அன்னிக்கு என்னென்ன செய்ய முடியலைங்கறதையும் எழுதுங்க. எந்த மருந்து, எவ்ளோ டோஸ், எத்தனை வாரம்னும் குறிச்சு வைங்க.

நோட்டு இல்லாதவ வலி பொய்யின்னு அர்த்தமில்லை. அவ சொன்னாலே நம்பணும், அதுதான் நியாயம். நம்பாத டாக்டர், நம்பாத மேனேஜர் முன்னாடி உக்கார வேண்டியிருக்கற வரைக்கும் நோட்டு கையில இருக்கட்டும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவ. திடீர்னு இதுவரைக்கும் வராத மாதிரி பயங்கரமா தலைவலிச்சா நோட்டைத் தேடாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.